களைப்பைப் பற்றி ஆறு பக்கம்

பிப்ரவரி 3

கதவோரத்துத் தங்கைக்கு,

ஜன்னலோரத்து அக்கா எழுதுவது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். நீ என்னை ‘அக்கா’ என்றாய், நான் உன்னை ‘ஏம்மா’ என்றேன். பெயர் கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் மூச்சு வாங்கும். கடைசி நாள் விலாசம் மாற்றிக்கொண்டபோதுதான் உன் பெயரே தெரிந்தது. ஆனால் இத்தனை பழகியபின் அதைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. கட்டில் பெயரே இருக்கட்டும். நீ கதவோரம், நான் ஜன்னலோரம்.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கமாட்டேன். நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால், ஆஸ்துமாக்காரிக்கு அது ஒரு செய்தியா? அந்த வரியை நாம் இரண்டு பேரும் விட்டுவிடலாம். போனிலேயே பேசிக்கலாமே என்று நர்ஸ் கேட்டபோது நீ சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. “போன்ல பேசறதுக்கு ஒரு மூச்சு வேணும், நல்லா இருக்கேன்னு காட்டிக்கறதுக்கு இன்னொரு மூச்சு வேணும்” என்றாய். கடிதம் என்றால் படுத்துக்கொண்டே எழுதலாம். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் யாரும் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தப்போவதில்லை.

வீடு வந்து சேர்ந்த கதையைக் கேள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் எல்லா வீட்டு மின்சார மீட்டரும் வரிசையாக இருக்கிறது. அங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு மீட்டராகப் படிப்பேன். மூச்சுக்காக நிற்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. புதிதாகக் குடிவந்த ஒருவர் நேற்று என்னிடம் வந்து, தன் மீட்டர் வேகமாக ஓடுகிறது, மேடம் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். மறுத்து விளக்கம் சொல்ல மூச்சு ஏது?

இருமல் நின்றுவிட்டது, இழுப்பு நின்றுவிட்டது, டாக்டரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இந்தக் களைப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது. பத்து மணிநேரம் படுத்து எழுந்தாலும் எழுந்த நிமிஷமே மறுபடி படுக்கத்தான் தோன்றுகிறது. கீழ்வீட்டுக்கார அம்மா, ஆஸ்பத்திரியில் நல்ல ஓய்வு கிடைத்திருக்குமே என்கிறாள். அவளை என்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிடுவான். ஒன்பதரைக்கே இன்ஹேலர் அடித்து, முகம் கழுவி, நிமிர்ந்து உட்கார்ந்து தயாராகிவிடுவேன். எப்படி இருக்கிறாய் என்பான். எனக்கென்னடா என்பேன். பத்து நிமிஷ நாடகம்தான், ஆனால் போனை வைத்தபின் சாயங்காலம் வரை படுக்கை. இந்த உலகத்தில் ஒருத்தியிடமாவது அந்த நாடகம் போடாமல் இருக்க வேண்டும் என்றுதான் காகிதம் எடுத்தேன். நீயும் என்னிடம் போடாதே.

அன்புடன்,
ஜன்னலோரம்


பிப்ரவரி 17

ஜன்னலோரத்து அக்காவுக்கு,

மீட்டர் கதையைப் படித்துச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, என் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் நல்லவர் அக்கா. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் புது மனிதராகிவிடுவார். அதனால் எனக்கும் அதே வைத்தியம்தான் சொல்கிறார். “கொஞ்சம் தூங்கி எழு, சரியாயிடும்.” தூங்கினால் தூக்கம்தான் போகிறது, களைப்பு போவதில்லை என்று எத்தனை தடவை சொல்வது? இப்போதெல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற வேலை என்று சொன்னேன் இல்லையா? அது போய்விட்டது. வேலையை விட்டு அனுப்பவில்லை, அறையை மாற்றிவிட்டார்கள். வடக்கே போகிற வண்டிக்குப் பதினான்கு ஊர் சொல்ல வேண்டும். எனக்கு எட்டாவது ஊரோடு மூச்சு தீர்ந்துவிடும். மைக்கை அணைத்து, மூச்சு வாங்கி, மறுபடி போட்டு மிச்ச ஆறு ஊரைச் சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் அது வேறு ஏதோ வண்டி என்று உட்கார்ந்தே இருந்துவிடுகிறார்கள். மூன்று புகார் வந்தது. மேலாளர் ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். இப்போது நான் தொலைந்த பொருள் அறையில் இருக்கிறேன். குடை, சாப்பாட்டுப் பாத்திரம், மூக்குக் கண்ணாடி. ஒற்றைச் செருப்பு மட்டும் ஏழு இருக்கிறது. இன்னொரு செருப்போடு அவர்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே பொழுது போகிறது.

என் குரலை இரண்டாயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் அக்கா. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு பெண் அதே பதினான்கு ஊரைச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் எட்டாவது ஊரில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அழுமூஞ்சி போதும். என் கண்டுபிடிப்பு ஒன்று சொல்கிறேன். குளித்து முடித்து உடம்பைத் துவட்டாதீர்கள். துவட்டுவதில்தான் பாதி உயிர் போகிறது. பெரிய துண்டாகச் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுங்கள், ஈரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். உப்பு, டீத்தூள், டம்ளர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்தாகிவிட்டது. மேல் அலமாரிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

உங்கள் கண்டுபிடிப்புகளையும் எழுதுங்கள்.

என்றும் அன்புள்ள,
கதவோரம்


மார்ச் 24

கதவோரத்துத் தங்கைக்கு,

துண்டு வைத்தியம் பலித்தது. நீ நன்றாக இரு.

என் கண்டுபிடிப்பு: தலைமுடியை வெட்டிவிட்டேன். கழுத்தோடு. பின்னுவதற்குக் கையைத் தூக்கிப் பிடிக்கிற அந்த ஐந்து நிமிஷம் மிச்சம். கம்பெனியில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டைகளைச் சரிபார்க்கிற பிரிவில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். காலர், பொத்தான், பிசிறு நூல், ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை. பஞ்சுத்தூசிக்கு முகமூடி கட்டிக்கொண்டால் மூச்சு முட்டுகிறது, கட்டாவிட்டால் தூசி முட்டுகிறது. சூப்பர்வைசர் நேற்று என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, “உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, இதுக்கே இப்படியா” என்று சிரித்தான். கெட்டவன் இல்லை. நான் சோம்பேறி என்று நினைக்கிறான், அவ்வளவுதான். நானே சில நாள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இதோடு நிறுத்தி இரண்டு நாள் ஆயிற்று. இன்று மீதி.

அந்தப் புது ஊசிக்காக நம் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்களே, எனக்குப் பதில் வந்துவிட்டது. ரத்தத்தில் இருக்க வேண்டிய அந்த ஒரு அணு எனக்குப் போதுமான அளவு இல்லையாம். அது அதிகமாக இருக்கிறவர்களுக்குத்தான் அந்த ஊசி கேட்குமாம். என்னுடையது வேறு வகை ஆஸ்துமா. “உங்களுக்குப் பழைய மருந்தையே தொடருவோம்” என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்த ஊசியை நான் ரொம்ப நம்பிவிட்டேன் போலிருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்தேன்.

உனக்கு என்ன வந்தது? எழுது.

ஜன்னலோரம்


ஏப்ரல் 9

ஜன்னலோரத்து அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. யாரோ குடை கேட்டு வந்தார், வேறு யாருடைய குடையையோ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்கும் ஒத்துவராதாம் அக்கா. அதே பதில்தான். பழைய மருந்து, பழைய மாத்திரை, பழைய நாம்.

வேறு செய்தி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடி வெட்டிய முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கதவோரம்


ஏப்ரல் 30

கதவோரத்துத் தங்கைக்கு,

உன்னிடம் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உனக்கும் ஊசி ஒத்துவராது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவி நான். ஒரு நிமிஷம் இல்லை, அன்று முழுக்கவே. அப்பாடா, இவள் என்னை விட்டுப் போகமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாத்திரையால் உப்பிப்போன இந்த முகத்துக்குள் இப்படி ஒரு புத்தி.

ஆனால் ஏன் அப்படி நினைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாள் விடுப்பில் வீட்டில் கிடந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளில் என்னிடம் பேசியவர்கள் மூன்று பேர். மகன், தண்ணீர் கேன் போடுகிறவர், கீழ்வீட்டுக்கார அம்மா. மூன்று பேரிடமும் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னேன். இல்லை என்று சொன்னால் உடனே ஒரு யோசனை சொல்வார்கள். நடங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள், மனதை வேறு பக்கம் திருப்புங்கள். அந்த யோசனைகளைக் கேட்டு முடிக்கத்தான் எனக்குத் தெம்பு இல்லை. யோசனை சொல்லாத ஒரே ஆள் நீ. முடியவில்லை என்றால் ‘ஆமாம் அக்கா’ என்று மட்டும் எழுதுகிறாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளுகிறேன்.

திட்டுவதென்றால் திட்டு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

ஜன்னலோரம்


ஜூலை 2

ஜன்னலோரத்து அக்காவுக்கு,

திட்டுவதா, உங்களையா? உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதை எழுதுகிற நெஞ்சு எனக்கு இருந்திருக்காது, அதுதான் வித்தியாசம்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாததா. தொலைந்த பொருள் அறையில் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். காலை பதினொரு மணிக்கு அந்தக் களைப்பு வந்துவிடும். ஈரப் போர்வையைத் தோளில் போட்ட மாதிரி முதலில் கழுத்தில் இறங்கும். பிறகு கைகள். பேனாவைப் பிடித்திருக்கிற விரல் என்னுடையதுதானா என்று சந்தேகம் வரும். சேற்றில் நடக்கிற மாதிரி மேஜையிலிருந்து அலமாரிக்குப் போவேன். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதே ஒரு வேலை. மென்று விழுங்குவது அடுத்த வேலை. சாயங்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் விலகும், விளக்கைத் தணித்துவிட்டு யாரோ வெளியே போன மாதிரி. வீட்டுக்குப் போகிற பாதையில் நாலு இடம் வைத்திருக்கிறேன். மருந்துக்கடைப் படி, தபால்பெட்டி, மூடிய சைக்கிள் கடை, மரத்தடி. உங்கள் மீட்டர் மாதிரி அவை என் நிறுத்தங்கள். மரத்தடியில் நின்று போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சினிமாவுக்குக் கூப்பிடுகிறார். போகலாம் என்றுதான் நினைப்பேன். புடவை மாற்றியதும் தெம்பு தீர்ந்துவிடும். புடவையோடு படுத்துக்கொண்டு, போய்வந்த மாதிரி நினைத்துக்கொள்வேன்.

ஆறு பக்கம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத ஆரம்பித்தால் நிறுத்த மனமில்லை. நீங்கள் தனியாக இல்லை அக்கா. அதை மட்டும் மறக்காதீர்கள்.

என்றும் உங்கள்,
கதவோரம்


செப்டம்பர் 16

அம்மா தாயே,

சென்ற செவ்வாய்க்கிழமை உன் ஊருக்கு வந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காக. பார்த்து முடிந்ததும் உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பேருந்து நிலையத்துக்கு வந்தேன். உனக்குச் சொல்லாமல் வந்து, தொலைந்த பொருள் அறை வாசலில் நின்று, நானும் தொலைந்துவிட்டேன், எடுத்து வை என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். என் வயதுக்கு இது தேவைதான்.

வந்து முதலில் பெஞ்சில் உட்கார்ந்தேன், மூச்சு வாங்க. அப்போது வடக்கே போகிற வண்டிக்கு அறிவிப்பு வந்தது. உன் குரலை எனக்குத் தெரியாதா? பதினோரு நாள் பக்கத்தில் படுத்துக் கேட்ட குரல். நான் விரல் விட்டு எண்ணினேன். எட்டாவது ஊர் வந்தது. நான் இங்கே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், நீ நிறுத்தப்போகிறாய் என்று. நீ நிறுத்தவில்லை. பதினான்கு ஊரையும் ஒரே மூச்சில் சொல்லி, பயணிகளின் கனிவான கவனத்துக்கு என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

தொலைந்த பொருள் அறைக்குப் போனேன். மீசை வைத்த ஒருவர் இருந்தார். கேட்டேன். “அந்தம்மா மைக்குக்குத் திரும்பிப் போய் மூணு மாசத்துக்கு மேல ஆச்சே. ஏதோ ஊசி போட்டாங்களாம், ஆளே மாறிட்டாங்க” என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே நீ மாடிப்படியில் இறங்கி வந்தாய். இறங்கி என்ன, குதித்து. கையில் ஒரு டம்ளர் டீ, பின்னால் யாரோ ஏதோ சொல்ல, திரும்பிச் சிரித்தாய். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தப்பு செய்தவள் நீ, ஒளிந்துகொண்டவள் நான். அடுத்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ குணமானதில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். இருக்கிறது. வயிறு எரிகிறது. ஆனால் அது என் சமாச்சாரம், நான் பார்த்துக்கொள்வேன். மற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. உன் ஒருத்தியிடம்தான் நான் நடிக்கவில்லை. நீ உட்கார்ந்து எனக்காக நாடகம் எழுதியிருக்கிறாய்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு எங்கோ உறுத்தியது. களைப்பைப் பற்றி ஆறு பக்கம் எழுதக் களைத்தவளால் முடியாது. உன் பிப்ரவரிக் கையெழுத்து வரிக்கு வரி கீழே சரிந்திருந்தது. ஜூலைக் கையெழுத்து பள்ளிக்கூட நோட்டு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ஈரப் போர்வை, சேறு, தணித்த விளக்கு என்றெல்லாம் எழுதியிருந்தாய். எனக்குக் களைப்பு எதைப் போலவும் இல்லையம்மா. அது என்ன மாதிரி என்று யோசிக்கத் தெம்பு மிச்சம் இருந்தால் அந்தத் தெம்பில் நான் ஒரு டம்ளராவது கழுவி வைப்பேன்.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது, நானாகச் சொன்னதில்லை. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலைதான் முடியும். உனக்குக் கடிதம் எழுதுகிற நாளில் நான் குளிப்பதில்லை. இன்றும் குளிக்கவில்லை. இனிமேல் குளித்துக்கொள்கிறேன்.

பதில் எழுத வேண்டாம்.

மூன்றாம் மாடிக்காரி


செப்டம்பர் 20

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப்போட்டாலும் சரி.

உங்களுக்கு ஊசி இல்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தபோது எனக்குப் போடலாம் என்ற பதில் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முதல் ஊசி போட்டுக்கொண்டுவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று காகிதத்தை எடுத்துவைத்த அன்றுதான், அடுப்பில் பாலை மறந்தேன் என்ற உங்கள் வரியைப் படித்தேன். எனக்குக் கை வரவில்லை. இப்போதைக்கு இப்படி எழுதுவோம், ஊசி கேட்கிறதா இல்லையா என்று தெரிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கேட்காமல் போனால் அந்தப் பொய் பொய்யாகவே ஆகியிருக்காதே. அடுத்து, சந்தோஷப்பட்டேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. அதன்பின் எந்த வாயால் சொல்வேன்?

ஊசி கேட்டது. ஆறாவது வாரம் ஒரு காலையில் எழுந்து, டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவியபின்தான் எனக்கு உறைத்தது, நடுவில் நான் உட்காரவே இல்லை என்று. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியாது.

மற்றவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை அக்கா. சரியாகிவிட்டதா, நல்லது என்கிறார்கள். அவர் என் நெபுலைசரைத் துடைத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். மூச்சு முட்டிக் கிடந்த அந்த ஆறு வருஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், “அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு அந்தப் பேச்சு” என்று பேச்சை மாற்றுகிறார். நான் எங்கிருந்து வந்தேன் என்று தெரிந்த ஆள் இங்கே ஒருவரும் இல்லை. இந்த ஊசி எப்போது வேலை செய்யாமல் போகுமோ என்ற பயத்தைக் கேட்கவும் ஆள் இல்லை.

அந்த ஆறு பக்கத்தை எப்படி எழுதினேன் தெரியுமா? உட்கார்ந்து எழுதினால் வரவில்லை. மறந்துகொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் அந்தக் களைப்பே மறக்க ஆரம்பித்துவிட்டது, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுதினேன். உங்களை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. உங்கள் பக்கத்துக் கட்டிலை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை.

நான் செய்தது தப்பு. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கதவோரம்


அக்டோபர் 27

அக்கா,

ஐந்து வாரமாகத் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். நேற்று அவரே, இன்றைக்கும் இல்லைம்மா என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போனார்.

இந்தத் தடவை விளக்கம் எதுவும் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களைப் பார்க்க வரலாமா? ஒரு சனிக்கிழமை காலை வண்டி ஏறினால் பத்தரைக்கு அங்கே இருப்பேன். பேச வேண்டாம். உங்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன், பாத்திரம் கழுவி வைக்கிறேன், போய்விடுகிறேன். கோபமாக இருந்தால் கோபமாகவே இருங்கள். யோசனை ஒன்றும் சொல்லமாட்டேன்.

வேண்டாம் என்றால் ஒரு அட்டையில் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதிப் போடுங்கள். ஒரு வார்த்தைதான். அதற்குமேல் உங்கள் தெம்பைச் செலவழிக்க வேண்டாம்.

கதவோரம்


நவம்பர் 19

கதவோரத்துத் தங்கைக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடாததற்குப் பாதிக் காரணம் கோபம். மீதிப் பாதி, அக்டோபர் முழுக்க எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. ஆறு நாள் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பை மட்டும் தினமும் வந்து மாற்றிவிட்டுப் போனார்கள்.

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வரி கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்மேல் இருந்த கோபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம்கூடக் கழுவாமல், படுத்தபடியே மகனின் போனை எடுத்தேன். எப்படி இருக்கிறாய் என்றான். “முடியலடா” என்றேன். “இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?” என்றான். அவன் குரலில் அடிபட்ட மாதிரி ஒன்று இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் நான் கேட்க நினைத்த அதே கேள்வி. அவனுக்கு நான் செய்ததைத்தான் எனக்கு நீ செய்திருக்கிறாய். நான் நன்றாக இருப்பதாக நடித்தேன், நீ நன்றாக இல்லாததாக நடித்தாய், அவ்வளவுதான் வித்தியாசம். இதில் யார் யாரைத் திட்டுவது?

அதன்பின் நாலு நாள் தினமும் கூப்பிட்டான். வேறு டாக்டரைப் பார், வீட்டை மாற்று, வேலைக்கு ஆள் வை என்று அவனும் யோசனைதான் சொன்னான். இப்போது பழையபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும். பரவாயில்லை. படுத்துக்கொண்டே பேசுகிறேன். சாயங்காலம் எழுந்து விளக்குப் போட முடிகிறது.

சனிக்கிழமை வருகிறேன் என்கிறாய். வேண்டாம் என்று எழுத அட்டைகூட எடுத்துவைத்தேன். ஒரு வார்த்தைதானே, எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

வா. ஆனால் சிலது சொல்லிவிடுகிறேன். கதவு சாத்தித்தான் இருக்கும், தாழ் போட்டிருக்காது. தட்டாதே, தட்டினால் நான் எழுந்து வர வேண்டும். நான் எழமாட்டேன். வா என்று வாய் நிறைய வரவேற்கமாட்டேன், உட்கார் என்று சொல்லமாட்டேன், தண்ணீர் வேண்டுமென்றால் நீயே எடுத்துக் குடி. வீடு பெருக்கி மூன்று வாரம் ஆகிறது. நான் வீங்கிப்போய் இருப்பேன், நீ பார்த்த முகம் இல்லை. பார்த்ததும் உனக்கு எப்படி வருகிறதோ அப்படியே முகத்தை வைத்துக்கொள். மாற்றாதே.

படி ஏறும்போது எனக்காக மெதுவாக ஏறாதே. மூன்று மாடியையும் உன் கால் எப்படி ஏறுமோ அப்படியே ஏறி வா. சத்தம் எனக்குக் கேட்கட்டும். கேட்டால் எனக்கு வயிறு எரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் ஆகும். நீ எழுந்து போய்விடாதே.

ஜன்னலோரம்